பழுப்புதான் எர்த்

எங்கள் வீட்டில் பொய் சொல்லும் பொறுப்பு என்னுடையது. உண்மை பேசுவது தம்பியின் இலாகா. இந்தப் பாகப்பிரிவினை எப்போது நடந்தது என்று ஞாபகமில்லை. ஆனால் இருவரும் அவரவர் பங்கை ஒழுங்காகப் பராமரித்து வந்தோம். ஒரு புயலில் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஊர் வரைக்கும் பறந்துபோனேன், இறங்கின இடத்தில் டீ குடித்துவிட்டு, காற்று திரும்பி வீசுகிறவரை காத்திருந்து அதே குடையில் வீட்டுக்கு வந்தேன் என்று நான் சொன்னால், கேட்கிறவர்கள் தம்பியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் கையிலிருக்கும் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல், "குடை எங்கிட்டதான் இருந்துச்சு" என்பான். அதோடு என் கதை தரைக்கு வந்துவிடும்.

தம்பி வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறவன். வீட்டின் முன்பக்கம் தகரக் கூரை போட்ட இடம்தான் பட்டறை. கைராசிக்காரன் என்று பெயர். வாய்ராசி கிடையாது. ஒருவர் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். தம்பி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வயரிங்கைப் பண்ணினவன் கையைக் கட்டிப் போடணும் என்றான். வந்தவர், நான்தான் பண்ணினேன் என்றார். அப்படியானால் இரண்டு கையையும் கட்டணும் என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தான்.

ஃபியூஸ் விஷயத்தில் இன்னும் மோசம். வயரில் அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்தால், தான் எரிந்துபோய் மற்ற வயர்களைக் காப்பாற்றுகிற சின்னத் துண்டு அது. போனால் ஏன் போனது என்று பார்க்க வேண்டும். அதைவிடக் கனமான ஒன்றைச் செருகி அதன் வாயை அடைக்கக் கூடாது. இதுதான் தம்பியின் மதம். ஒரு ஆள் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி ஃபியூஸ் இடத்தில் செருகிக்கொண்டு வந்தார். தம்பி சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, செத்துப்போன அந்த ஃபியூஸைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்து, இதுகிட்ட மன்னிப்புக் கேட்டால்தான் வண்டி என்றான். அந்த ஆள் கேட்டார். ஃபியூஸ் மன்னித்துவிட்டது என்பது மட்டும் நான் சேர்த்தது. மற்றதெல்லாம் நடந்தது.

அப்படிப்பட்டவன் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஒரே ஒரு ஆளிடம் ஊமையாகிப்போனான். சம்பந்தியிடம். அவர் "இன்னிக்கு நல்ல வெயில்" என்று சொன்னால், மழையில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு "ஆமாங்க" என்பான். நான் கிண்டல் பண்ணினேன். என் இலாகாவில் ஏன் கை வைக்கிறாய் என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"அண்ணே, நான் இங்க ஒரு வார்த்தை கூடுதலா பேசினா, அது அங்க அவ தட்டுல போய் விழும்" என்றான்.



சம்பந்தியைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் பாதியாக்கிக்கொள்ளலாம். ஆனால் நல்ல மனிதர். ஏதோ ஆபீசில் பெரிய நாற்காலியில் இருந்து ரிட்டயர் ஆனவர். கை சும்மா இருக்காது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வீட்டிலுள்ள சாமான்களையெல்லாம் தானே பழுது பார்ப்பார். மிக்ஸியைச் சரி செய்தார். அது அரைத்ததைத் திரும்ப முழுசாக்கித் தர ஆரம்பித்தது. அயர்ன் பாக்ஸைச் சரி செய்தார். அது துணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சூடாக்கியது. இதெல்லாம் என் கணக்கு. சாமான்கள் பாழானது மட்டும் நிஜம். பாழாகும் ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டில் ஒரு காரணம் தயாராக இருந்தது. மூடியைச் சரியாகப் போடவில்லை, சுவிட்சை வேகமாகத் தட்டினாள், பிளக்கைப் பிடித்து இழுத்தாள். இந்த ‘ள்’ எல்லாம் எங்கள் மிளகு.

மிளகு என்பது தம்பி மகளுக்கு நான் வைத்த பெயர். சின்ன உருவம், காரமான வாய். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் காரம் குறைந்துபோனதை நான் கவனித்தேன். தம்பியும் கவனித்திருப்பான். புகுந்த வீட்டில் பொறுப்பு வந்துவிட்டது என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம்.

ஒருநாள் காலையில் அவள் ஒரு பையோடு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். அம்மாக்காரி காபி கலக்கிக்கொண்டே என்ன விஷயம் என்று கேட்க, ஹீட்டர் என்றாள். அந்த வீட்டுக் குளியலறையில் இரும்பு உடம்புள்ள பழைய வாட்டர் ஹீட்டர் ஒன்று இருந்தது. அதன் பிளக் உடைந்துபோக, சம்பந்தி வேறு பிளக் மாட்டினார். அன்றிலிருந்து குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. காலையில் எல்லோருக்கும் வெந்நீர் பிடித்து வைப்பது அவள் வேலை என்பதால், இழுப்பதெல்லாம் அவளைத்தான். மற்றவர்கள் சுவிட்சை அணைத்த பிறகு வாளித் தண்ணீரில் குளிக்கிறார்கள். அவள் சொன்னபோது முதலில் சிரித்தார்கள். அப்புறம் பிரமை என்றார்கள். கடைசியில் மாமியார், தான் செய்தது தப்பு என்று மாமனாரைச் சொல்ல வைக்கத்தான் இவள் இப்படி நடிக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைக்கு எப்போதும் வெளியூரில் வேலை. போனில் சொன்னால், நீயும் அப்பாவும் பேசி முடிச்சுக்கங்க என்பார்.

தம்பி அவள் எதிரே உட்கார்ந்து, வண்டிக்காரர்களிடம் கேட்பதுபோலக் கேள்வி கேட்டான். பழைய பிளக்கில் எத்தனை வயர் போனது? மூன்று. புதியதில்? இரண்டு. மூன்றாவது? பச்சை. அதை அவர் நறுக்கிப் போட்டார், நான்தான் பெருக்கி அள்ளினேன் என்றாள்.

"எர்த்தை வெட்டிட்டார், கசியற கரண்ட்டை மண்ணுக்கு இழுத்துட்டுப் போற வயர். உள்ள தண்ணியைச் சுடவைக்கிற எலிமென்ட்ல வேற கரண்ட் கசியுது" என்றான் தம்பி. "சுர்ருன்னு இழுக்கறதோட நிக்குதேன்னு சந்தோஷப்படணும்."

மிளகு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை நம்புகிற முதல் ஆள் அவன்.

"அப்பா, நீங்க இதை அவர்கிட்ட சொன்னா போதும். வேற ஒண்ணும் கேக்க வேணாம். இவ பொய் சொல்லலைன்னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னா அவங்க மறுத்துப் பேச முடியாது. நான் அன்னிக்கே கிளம்பிப் போயிடறேன்."

"வரட்டும், சொல்றேன்" என்றான். அவன் மனைவி, முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிடாதீர்கள், பக்குவமாகச் சொல்லுங்கள் என்று காபியை நீட்டினாள். பக்குவம் என்ற சொல் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோதே காரியம் கெட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். மருமகளை அழைத்துப்போகத்தான் வந்தார். ஆனால் கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே வண்டிக்கு மாட்டுகிற ஸ்டீரியோ. தொடுதிரை, பளபளவென்று, சின்ன டிவி மாதிரி. உங்க வண்டியில அந்தப் பழைய ரேடியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்கலை சம்பந்தி, அதான், என்றார். நிஜமான பாசம். அதில் குறை சொல்ல முடியாது. பாசத்தோடு நிறுத்தியிருக்கலாம். தானே மாட்டித் தருவதாகச் சொல்லி, ஸ்டிக்கர் உரிக்காத ஸ்க்ரூடிரைவர்கள் அடங்கிய இன்னொரு பெட்டியையும் திறந்தார்.

தம்பியின் வண்டி மிளகுவைவிட மூத்தது. அதிலிருந்த ரேடியோ ஒரே ஒரு ஸ்டேஷன்தான் பிடிக்கும், அதுவும் வண்டி இடதுபக்கம் திரும்பும்போது மட்டும். செய்தி முழுசும் கேட்க வேண்டுமென்றால் ஊரை இடதுபக்கமாகவே சுற்ற வேண்டும். நான் சுற்றியிருக்கிறேன். சம்பந்தியிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் வாயைத் திறந்தாலே கப்சாதான் என்றார். என் கஷ்டகாலம், அந்த நேரம் பார்த்து அந்தக் கதையைச் சொன்னேன்.

அந்த வண்டியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு சமயம் எலிகள் புகுந்து அதன் வயர்களையெல்லாம் கடித்துத் துப்பிவிட்டன. தம்பி பழைய வயரிங்கை மொத்தமாக உருவிப் போட்டுவிட்டு, புதிதாக ஒவ்வொரு வயராக இழுத்து, கம்பெனிக்காரன் வைத்த அதே நிறங்களில், துணி டேப் சுற்றி, பெண்பிள்ளைக்குத் தலை பின்னுகிறமாதிரிப் பின்னி முடித்தான். டேஷ்போர்டைக் கழற்றி அந்தப் பின்னலைக் காட்டுவதற்காகவே மற்ற மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பான். அவனுக்கிருந்த ஒரே தற்பெருமை அது.

சம்பந்தி சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு, வண்டிக்குள் தலையும் வெளியே காலுமாகப் படுத்தார். ஒரு கையில் போன், அதில் யாரோ புரியாத பாஷையில் ஸ்டீரியோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி டார்ச் பிடித்தான். வாழ்க்கை முழுக்க மற்றவர்களை டார்ச் பிடிக்க வைத்தவன், தன் வண்டிக்குத் தானே டார்ச் பிடித்தான். நான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மிளகு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். பை கட்டித் தயாராக அவள் பின்னால் இருந்தது. அப்பா சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காகக் கட்டிய பை.

பழைய ரேடியோவை உருவியதும் அதன் பின்னாலிருந்து மூன்று முக்கியமான வயர்கள் தலை நீட்டின. சிவப்பு, கறுப்பு, பழுப்பு. புதிய ஸ்டீரியோவிலிருந்தும் மூன்று. மஞ்சள், சிவப்பு, கறுப்பு. புதியதில் கறுப்புதான் எர்த். அந்தப் பழைய வண்டியிலோ பழுப்புதான் எர்த், கறுப்பில் சாவியைத் திருப்பினால் கரண்ட் ஓடும். பட்டறையில் வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர்களுக்குக்கூட இது தெரியும். டீ மட்டும் குடிக்கிற எனக்கே தெரியும்.

சம்பந்தி சிவப்பைச் சிவப்போடு முறுக்கினார். கறுப்பைக் கறுப்போடு முறுக்கினார். மிச்சமிருந்த மஞ்சளையும் பழுப்பையும் பார்த்து, கொஞ்சம் யோசித்து, ரெண்டும் ஒரே ஜாதிதான் என்று சேர்த்துவிட்டார்.

"கரெக்டா சம்பந்தி?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

டார்ச் வெளிச்சம் ஒரு முறை ஆடியது.

"கரெக்டுங்க" என்றான் தம்பி.

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சரி, இவனால் முடியாது, பெரியவன் நாமே சொல்லிவிடலாம் என்று, சம்பந்தி, இந்த வண்டியில் கறுப்பு எர்த் இல்லை, பழுப்புதான் எர்த், மாட்டினால் புகையும் என்று சொன்னேன். என் ஆயுளில் அவ்வளவு சுத்தமான உண்மையை நான் சொன்னதில்லை. சம்பந்தி காலை ஆட்டிக்கொண்டு சிரித்தார். இடதுபக்கம் திரும்பினா புகையுமா, வலதுபக்கமா என்று கேட்டார். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது போல, தலையை வெளியே நீட்டி, அண்ணன் சொல்றது நிஜமா சம்பந்தி என்று கேட்டார்.

வாய்ப்பு அப்படி நடுவாசலில் வந்து நின்றது. ஒரு தலையசைப்பு போதும். மிளகு நிலைக்கதவிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து நின்றாள்.

"அண்ணன் சொல்றதை எல்லாம் எடுத்துக்காதீங்க" என்றான் தம்பி.

இதை அவன் இதற்கு முன்பும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். எல்லாத் தடவையும் நான் பொய் சொல்லியிருந்தேன்.

சாவியைத் திருப்பினார்கள். டிக்கென்று ஒரு சத்தம். திரை இருட்டாகவே இருந்தது. ஃபியூஸ் போய்விட்டது. அது தன் கடமையைச் செய்துவிட்டது. தப்பு எங்கே என்று தேடச் சொல்லிவிட்டுச் செத்தது. சம்பந்தி அதை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது ரொம்ப மெலிசா இருக்கு, புது ஸ்டீரியோவுக்குத் தாங்கலை, கனமா ஒண்ணு இருந்தா கொடுங்களேன் என்றார்.

தம்பி டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பட்டறைக்குள் போனான். தகர டப்பாவைக் கிளறுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கிளறினான். கனமான ஃபியூஸ் அங்கே எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். பொய்தானே, என்னிடம் கேட்டிருந்தால் ஒன்றென்ன, டஜன் கணக்கில் கொடுத்திருப்பேன்.

எடுத்துக்கொண்டு வந்தான். மிளகு மெதுவாக "அப்பா" என்றாள். கேட்காதவன் மாதிரி அவளைத் தாண்டிப்போய், தன் கையாலேயே அதைச் சம்பந்தியின் உள்ளங்கையில் வைத்தான்.

இரண்டாம் முறை சாவியைத் திருப்பியபோது சத்தம் எதுவும் வரவில்லை. ஸ்டீரியோவின் இரும்பு உடம்பும் வண்டியின் இரும்பும் உரசும் இடத்திலிருந்து முதலில் ஒரு நூல் போல வெள்ளைப் புகை வந்தது. அப்புறம் டேஷ்போர்டின் எல்லா இடுக்குகளிலிருந்தும் வந்தது. ரப்பர் கருகுகிற நாற்றம். சம்பந்தி அந்த வயதில் அப்படிப் பின்பக்கமாகத் தவழ முடியும் என்று நான் நினைத்ததில்லை. தம்பி ஒரே தாவலில் பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரைக்கூடத் தேடாமல், பாட்டரி வயரைக் கையாலேயே பிடுங்கி எறிந்தான். அந்த ஒரு கணம் எனக்குத் தெரிந்த தம்பி அங்கே இருந்தான். அப்புறம் மறுபடியும் சம்பந்தியின் சம்பந்தி ஆகிவிட்டான்.

புகை அடங்கியதும் டேஷ்போர்டுக்குள் எட்டிப் பார்த்தோம். பின்னல் உருகி, கரிய கட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சம்பந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, வருத்தத்தோடு, பழைய வண்டி, வயரிங் தாங்கலை என்றார். அப்படி அவர் சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமாங்க" என்றான் தம்பி. "நான் பண்ணின வயரிங்தான். சரியில்லை."

மிளகு படியிறங்கி வந்தாள். வண்டிக்குள் ஒருமுறை குனிந்து பார்த்தாள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்த வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டியவள் அவள். அதை நான் இப்போதுதான் சொல்கிறேன், அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, ஹீட்டர்லயும் இதேதான். எர்த் வயரை வெட்டிட்டீங்க. அதனாலதான் எனக்கு ஷாக் அடிக்குது."

சம்பந்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார். எத்தனை தடவைம்மா இதையே சொல்லுவே, நாங்களும் அதுலதானே குளிக்கிறோம், எங்களையெல்லாம் விட்டுட்டு உன்னை மட்டும் தேடி வந்தா அடிக்கும் என்று கேட்டார். சரி, எதுக்கு நமக்குள்ள வாக்குவாதம், உங்கப்பாவே இருக்கார், அவருக்குத் தெரியாத கரண்ட்டா, அவர் சொல்றதை நான் கேட்டுக்கறேன் என்றார். மனசாரத்தான் சொன்னார். தம்பி பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க சம்பந்தி. அப்படி அடிக்குமா?"

தம்பியின் விரல்கள் கரியாக இருந்தன. அதைத் துணியில் துடைத்தான். துடைத்த விரலையே மறுபடி துடைத்தான். சமையலறை ஜன்னலில் அவன் மனைவியின் முகம் தெரிந்தது. பக்குவம், பக்குவம் என்று அந்த முகம் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஈரக்கையோட சுவிட்சைத் தொட்டிருப்பா" என்றான்.

சம்பந்தி நிம்மதியாக மூச்சு விட்டார். அதைத்தான் நானும் சொல்றேன் என்றார்.

மிளகு உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். சம்பந்தி சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டி இல்லையே, பஸ்ஸில்தான் போகணும் என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். அவள் அவரிடம், நீங்க கிளம்புங்க மாமா, நான் வரலை என்றாள். தம்பியின் முகத்தில் ஏதோ ஒளி வந்ததை நான் பார்த்தேன். மகள் வீட்டோடு இருந்துவிடுவாள் என்று நினைத்திருப்பான், பாவம். அவள் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினாள். பஸ் நிறுத்தம் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்தாள். அம்மாக்காரி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி ஓடினாள். நான் செருப்பு மாட்டுவதற்குள் தெருமுனை காலியாகிவிட்டது.

தோழி ஒருத்தி வீட்டில் இருந்துவிட்டு, அப்புறம் வேறு ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு, பெண்கள் விடுதியில் தங்கினாள். அம்மாவிடம் போனில் பேசுவாள். என்னிடம் பேசுவாள், நானும் குடை மாதிரி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். பக்கத்தில் அப்பா இருக்கான், கொடுக்கட்டுமா என்றால், பஸ் வந்துடுச்சு பெரியப்பா என்பாள். எப்போது பேசினாலும் அந்த நேரத்துக்கு ஒரு பஸ் வந்துவிடும். அந்த ஊரில் அவ்வளவு பஸ் இருக்க நியாயமில்லை.

தம்பி வெளி வேலையெல்லாம் நிறுத்திவிட்டு அந்த வண்டிக்குள்ளேயே கிடந்தான். கருகின வயர்களைப் பிய்த்து எறிந்து, புதிதாக இழுத்து, டேப் சுற்றி, பழையபடி பின்னினான். எரிந்துபோன ஸ்டீரியோவையும் பிரித்துச் சரி செய்து மாட்டினான். இப்போது அது எந்தப் பக்கம் திரும்பினாலும் பாடும். கேட்கத்தான் ஆளில்லை. மெக்கானிக்குகளை டீக்குக் கூப்பிடவில்லை.

அது முடிந்ததும் ஒருநாள் சவரம் செய்துகொண்டு, துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினான். பேசப் போகிறாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். எனக்கு அப்படியொரு சந்தோஷம். போடா சிங்கம் என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

அங்கே நடந்ததை அவனே வந்து சொன்னான், அதனால் நம்பலாம். போனான். உட்கார வைத்தார்கள். வெயிலில் வந்தது உடம்பு கசகசவென்று இருக்கிறது, ஒரு குளியல் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறான். சம்பந்தி வீட்டில் போய் யாராவது குளியல் கேட்பார்களா? கேட்டிருக்கிறான். துண்டு கொடுத்தார்கள். பையோடு உள்ளே போய்த் தாழ் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஹீட்டரைப் பிரித்துப் பழைய எலிமென்ட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினான். மூன்று வயர் போகிற பிளக் மாட்டி, நறுக்கிப்போட்டிருந்த பச்சை வயரின் மிச்சத்தைச் சுரண்டி அதில் சேர்த்தான். டெஸ்டர் வைத்துப் பார்த்தான். தலையில் நாலு செம்பு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தான். என்ன சம்பந்தி, இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, உங்க வீட்டுத் தண்ணி ரொம்ப நல்லா இருக்குங்க என்றானாம்.

"அப்புறம் சொன்னியா?" என்று கேட்டேன்.

"எதை?"

"ஹீட்டர்ல கோளாறு இருந்துச்சுன்னு."

"அதான் சரி பண்ணிட்டனே அண்ணே. இனிமே யாருக்கும் அடிக்காது. அவ தைரியமா திரும்பிப் போகலாம்."

 பொய்க்காரன் நான், எனக்கே புரிகிறது. உண்மை பேசிய ஆளுக்குப் புரியவில்லை. அந்தப் பெண் சொன்னது நிஜம் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அது அந்தக் கசிகிற ஹீட்டர். அதை இவன் தலையைத் துவட்டுகிற நேரத்தில் அழித்துவிட்டு வந்திருக்கிறான்.

சம்பந்தி சும்மா இருப்பாரா? சந்தேகம் கேட்டவர்களிடமெல்லாம், வேணும்னா வந்து தொட்டுப் பாருங்க, நாங்க ஹீட்டர் ஓடும்போதே குழாயைப் பிடிக்கிறோம், ஒண்ணும் இல்லை, அவங்கப்பாவே வந்து குளிச்சுட்டுப் போனார், அவருக்கு அடிச்சுதா கேளுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் வெளியூரிலிருந்து வந்து குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் இவள் சொன்னதெல்லாம் நாடகம் என்று அவளுக்கே போன் பண்ணிச் சொன்னார். அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை.

சான்றிதழ்கள் எடுக்க மிளகு ஒரு தடவை வீட்டுக்கு வந்தாள். விடுதிச் சாப்பாட்டில் இளைத்திருந்தாள். அம்மா அலமாரியைத் திறந்து கொடுத்தாள். தம்பி பட்டறையிலிருந்து எழுந்து வந்து கூடத்தில் நின்றான், உட்காரத் தோன்றாமல். நான் சுவரோரமாக இருந்தேன். 

அவள் காகிதங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க போய்ப் பார்த்தீங்களாமே. ஹீட்டர்ல ஒரு குறையும் இல்லைன்னு அவர் சொல்றார்."

"இப்ப இல்லை" என்றான் தம்பி.

அவள் கை நின்றது.

"முன்ன?"

"இருந்துச்சும்மா. எர்த் இல்லை. எலிமென்ட் ஓட்டை. நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி."

அவன் முகத்தில் பெரிய பாரத்தை இறக்கி வைத்தவனின் களை இருந்தது. எவ்வளவு நாளாக இந்த வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தானோ.

"இதை யார்கிட்ட சொன்னீங்கப்பா?"

"உங்கிட்ட சொல்றேனே."

மிளகு பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அது பாதியில் சிக்கியது. பொறுமையாக எடுத்துவிட்டு மறுபடி மூடினாள்.

"எனக்குத்தான் தெரியுமேப்பா" என்றாள். "அடிச்சது எனக்கில்லையா."